போகிறவரைக் கூப்பிடக் கூடாது

அண்ணாச்சி,

நேற்று ஒரு பெண் என் காலடியில் மஞ்சள் டேப் ஒட்டினாள். தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு நாடகம். எனக்கு அம்மா வேஷம். இந்த வயதில் வேறு என்ன கொடுப்பார்கள்? அடுக்களையிலிருந்து காப்பி எடுத்துக்கொண்டு வந்து, சோபாவுக்குப் பின்னால் நின்று, மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போக வேண்டும். நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் டேப். அந்தப் பெண்தான் டைரக்டர். மாட்டுங்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, ஆனால் தமிழ் எழுத்தைக் காட்டினால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள். "ஆன்ட்டி, தோடா இந்தப் பக்கம். பஸ், பஸ். அங்கேயே ருக்கோ" என்றாள். கொஞ்சம் தள்ளி, போதும், நில்லுங்கள் என்று அர்த்தம். நின்றேன். நின்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"க்யா ஹுவா ஆன்ட்டி?" என்று கேட்டாள், என்ன ஆச்சு என்று. என்ன சொல்ல? 'கொஞ்சம் இந்தப் பக்கம்' என்ற இதே பேச்சுக்காக முதல் நாளே நாம் இரண்டு பேரும் போட்ட சண்டையை அவளிடம் எந்த பாஷையில் சொல்ல? கேட்டுச் சிரிக்க வேண்டிய ஆள் நீங்கள். நீங்கள் போய் இன்னும் வருஷத் திவசம்கூட வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அங்கே இப்போது மூன்று கேமரா, அண்ணாச்சி. மகன் முகத்துக்கு ஒன்று, என் முகத்துக்கு ஒன்று, பொதுவாக ஒன்று. அந்தப் பெண் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு எது வேண்டுமோ அதை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறாள். யாருடைய முகத்தையும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நமக்கு ஒரே ஒரு கேமரா. அதை எங்கே வைப்பது என்பதில்தான் உங்கள் உயிர் போய் உயிர் வரும்.

நீங்கள் என்னைக் கண்டெடுத்தது தாராவிக் குழாயடியில். யுத்த காலம். தாதரில் ஒரு ஸ்டூடியோவில் தமிழ்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதராஸிலிருந்து வர வேண்டிய நடிகை யுத்தத்துக்குப் பயந்து ரயில் ஏறவில்லை. தமிழ் பேசும் பொம்பளை ஒருத்தி உடனே வேண்டும் என்று உங்களைத் தேட அனுப்பியிருந்தார்கள். நீங்கள் பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவாசி, அந்தப் படத்தில் உதவி டைரக்டர். கோட்டும் குடையுமாக எங்கள் சந்துக்குள் வந்து நின்றீர்கள். அந்த நேரம் பார்த்து என் குடத்தை ஒருத்தி வரிசையில் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். விடுவேனா நான்? முழுச் சண்டையையும் நின்று கேட்டீர்கள். முடிந்ததும் பக்கத்தில் வந்து, "உங்க தொண்டை எனக்கு வேணுமே" என்றீர்கள்.

"என் தொண்டை என்னத்துக்கு? கொழம்பு வைக்கவா?" என்று கேட்டேன். குழாயடியே சிரித்தது. நீங்களும் சிரித்துவிட்டு, சினிமாவுக்கு என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் தோல்கிடங்கில் வேலை பார்த்தவர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடித்தனம் வைத்தவர்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கிளம்பினார். "போயிட்டு வாரேன்" என்றார். எங்கள் பக்கத்தில் 'போறேன்' என்று யாரும் சொல்ல மாட்டோம். வருவேன் என்ற சொல்லைச் சேர்த்துத்தான் போவது. நானும் "போயிட்டு வாங்க" என்று சொல்லி நிலைப்படிக்கு உள்ளேயே நின்றேன். அவர் பாதிச் சந்து போன பிறகுதான் ஆணியில் தொங்கிய துண்டைப் பார்த்தேன். மறந்துவிட்டார். கையில் எடுத்தேன். ஒரு சத்தம் கொடுத்தால் நின்றிருப்பார். நான் கொடுக்கவில்லை. போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போன காரியம் ஆகாது. சண்டைக்குப் போகிறவருக்குப் போன காரியம் என்ன? திரும்பி வருவதுதானே? அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புறப்பட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் அதே சாஸ்திரம்தான். வெள்ளைச் சட்டை போட்ட முதுகு சந்து முனையில் மறைந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் என் நாத்தனார் இருந்தாள். அவருக்கு நேர் தங்கச்சி. எனக்கும் அவளுக்கும் எண்ணெயும் தண்ணீரும். "எங்க அண்ணன் ஒரு தடவ திரும்பிக்கூடப் பாக்கல, பாத்தியளா? இவ மூஞ்சியில முழிக்கப் பிடிக்காமத்தான் பட்டாளத்துக்கே போயிட்டான்" என்று சந்து முழுவதும் சொல்லி வைத்தாள். நான் பதிலுக்கு நூறு சொன்னேன். ஆனால் அந்த ஒன்று உள்ளே போய்த் தைத்துவிட்டது. பேசாமல் இருந்த இரண்டு நாளும் ஞாபகத்துக்கு வரும். பர்மா பக்கம் அனுப்புகிறார்கள் என்று ஒரு கார்டு வந்ததோடு சரி, பிறகு தகவல் இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் காது தெருவிலேயே கிடக்கும். அதனால்தான் உங்கள் சினிமாவுக்கு வந்தேன். இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

முதல் நாள் என்னை ஒரு தூண் பக்கத்தில் நிறுத்தினீர்கள். கேமராவுக்கு நான் மறைத்தேன் போலிருக்கிறது. "சித்த நீங்கிக்கோ" என்றீர்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் நீங்கு என்கிறாரே இந்த மனுஷர் என்று, நகையைக் கழற்றி மேக்கப்காரர் கையில் கொடுத்துவிட்டு வாசலைப் பார்க்க நடந்தேன். நீங்கள் பின்னாலேயே ஓடி வந்தீர்கள். "எங்கே போறே? நீங்கிக்கோன்னுதானே சொன்னேன்?"

"அதான் நீங்கிட்டேன்லா? இன்னும் எங்கன நீங்க?"

அதற்குப் பிறகுதான் விளங்கியது. உங்கள் பாலக்காட்டுப் பேச்சில் நீங்குவது என்றால் தள்ளி நிற்பது. "எங்க ஊர்ல நோய்தான் நீங்கும், பீடைதான் நீங்கும். மனுசங்க நகருவாவ" என்றேன். நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். அன்றிலிருந்து என்னைப் பார்த்து மட்டும் "நகருங்கோ" என்பீர்கள். நான் முதலில் உங்களை சாமி என்று கூப்பிட்டேன், வேண்டாம் என்றீர்கள். சார் என்றேன், அதுவும் வேண்டாம். போங்க, இனி அண்ணாச்சிதான் என்றேன். "மளிகைக் கடை வெச்சுட்ட மாதிரி இருக்கு" என்றீர்கள். ஆனால் அந்தப் பெயருக்குத்தான் திரும்பினீர்கள், கடைசி வரைக்கும்.

படம் என்றால் முகத்தைக் கோணுவதும் வசனம் பேசுவதும் என்று நினைத்திருந்தேன். உங்கள் வேலையைப் பார்த்த பிறகுதான் அதற்குக் கீழே வேறொன்று இருப்பது தெரிந்தது. யார் எங்கே நிற்பது, யார் யாரிடம் போவது, யார் எழுந்திருக்கும்போது யார் உட்காருவது. சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு தரையெல்லாம் கோடு போடுவீர்கள். கேன்டீனில் சாப்பாட்டு வேளையிலும் அதே வேலைதான். டம்ளர்கள் ஆட்கள், டவரா வீடு, தீப்பெட்டி கேமரா. டம்ளரை நகர்த்தி, தீப்பெட்டியை அதன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போவீர்கள். காப்பி கேட்டு வருகிறவனுக்கு டம்ளர் கிடைக்காது. "வாய் பொய் சொல்லும், கேட்டியா? காலால பொய் சொல்ல முடியாது. எங்கே நிக்கறோம்கறதுதான் பாதி வசனம்" என்பீர்கள். நான் டம்ளரைப் பிடுங்கிக் காப்பியை ஊற்றிக்கொள்வேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

கதையில் கணவன் கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறான். மனைவி வாசலில் நிற்கிறாள். டைரக்டர் சாஹேப் மராட்டிக்காரர், நல்ல மனுஷர், குரல் உயர்த்த மாட்டார். அவர் யோசித்து வைத்திருந்தது இப்படி: கேமரா வீட்டுக்குள்ளே என் பின்னால் இருக்கும். அவன் தெருவில் நடந்து போவான். நான் வாசலில் நின்று "என்னங்க!" என்று அலற வேண்டும். அவன் திரும்புவான். கேமரா தண்டவாளத்தில் விறுவிறுவென்று என்னைத் தாண்டி அவன் முகத்துக்குப் போகும். "பீச்சே ஸே புலாவோ, ஸோர் ஸே" என்றார். பின்னாலிருந்து கூப்பிடு, உரக்க. என் தொண்டையை எதற்காகப் பிடித்து வந்தீர்களோ, அதற்கான இடம் அதுதான்.

நான் முடியாது என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. நீங்கள்தான் இந்தியில் எடுத்துச் சொன்னீர்கள். சாஹேப் என் பக்கத்தில் வந்து, இது படம்தானம்மா, அவன் நடிகன்தானே என்று தன்மையாகச் சொன்னார். கணவன் வேஷம் போட்டவர் மதராஸிலிருந்து வந்த மேடை நடிகர். அவர் குதித்தார். "அவங்க கூப்பிடலைன்னா நான் எப்படித் திரும்புறது? என் முதுகைப் பார்க்கவா ஜனம் காசு கொடுத்து வருது?" என்றார். ஆளாளுக்குப் படம்தானே, படம்தானே என்றார்கள்.

"படந்தான். ஆனா கூப்பிடுத வாயி என் வாயிதான? சத்தம் என் சத்தந்தான? அவுக இருக்க எடத்துல அது கேட்டுத் தொலைச்சா?" என்றேன். சொல்லும்போதே பைத்தியக்காரப் பேச்சு என்று எனக்கே தெரிந்தது. இருந்தாலும் தொண்டை வரவில்லை. என்னங்க என்று நான் வாழ்க்கையில் ஒருவரைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் அப்போது எங்கே எந்தக் காட்டில் நடந்துகொண்டிருந்தாரோ. அந்தச் சொல்லை அவர் முதுகுக்குப் பின்னால் எறிய என்னால் ஆகாது.

சாஹேப் கோபப்படவில்லை. கைக் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நாளில் பிலிம் கட்டுப்பாடு. அரிசி போல அதையும் அளந்துதான் கொடுப்பார்கள், வீணாக்க முடியாது. சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் நான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு பெண்ணைப் போட்டு ஆரம்பத்திலிருந்தே என் பங்கை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அது நியாயம்தான். அவர் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்தீர்கள். கூப்பிடு என்று நீங்களும் சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்து, வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் டவராவை வைத்தீர்கள். பக்கத்தில் ஒரு டம்ளர், தள்ளி ஒரு டம்ளர். டவராவுக்குப் பின்னால் தீப்பெட்டி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அவர் போறச்சே நீ என்ன பாத்தே?" என்று கேட்டீர்கள்.

"என்னத்தப் பாக்க? முதுகத்தான்."

"அவர்?"

"தெருவப் பாத்திருப்பாவ. எனக்கு எப்படித் தெரியும்? நான் பின்னாலல்லா நின்னேன்."

நீங்கள் தீப்பெட்டியை எடுத்தீர்கள். டவராவுக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து, போகிற டம்ளருக்கு முன்னால் வைத்தீர்கள். டம்ளரைத் தீப்பெட்டியை நோக்கி நகர்த்தினீர்கள். தீப்பெட்டி பின்வாங்கியது, டம்ளர் தொடர்ந்தது. டவராவும் அதன் பக்கத்து டம்ளரும் அங்கேயே நின்றன. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்து சாஹேபைத் தேடி ஓடினீர்கள். உங்கள் தயிர்சாதத்தை நான்தான் மூடி வைத்தேன்.

தண்டவாளத்தை வீட்டுக்குள்ளிருந்து பிடுங்கித் தெருவில் போட்டார்கள். கேமரா தெருவில், எங்கள் இருவரையும் பார்த்தபடி. அவன் வாசலை விட்டு இறங்கிக் கேமராவை நோக்கி நடப்பான். அவன் நடக்க நடக்க டிராலியைப் பின்னால் இழுப்பார்கள். அவனுக்குப் பின்னால் வாசலில் நான். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். யாரும் திரும்ப வேண்டாம். கேமராக்காரர் சண்டைக்கு வந்தார். கிட்டத்தில் இருக்கும் அவன் முகம் தெளிவாக வந்தால் தூரத்தில் இருக்கும் நான் மங்கிவிடுவேனாம். "மங்கட்டும்" என்றீர்கள். மதராஸ் நடிகர் மட்டும் ஏகக் குஷி. காட்சி முழுக்க அவர் முகம்தானே! கைக்குட்டையை எடுத்து விசும்பிப் பார்த்துக்கொண்டார். நீங்கள் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னீர்கள். அவர் கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டார். சாஹேப் கன்னத்தில் கை வைத்து யோசித்தார். பிறகு, "சலோ, தேக்தே ஹைன்", சரி, பார்க்கலாம் என்றார்.

முதல் தடவை டிராலிச் சக்கரம் கிறீச்சிட்டது. பேசாத காட்சியில் அது மட்டும் பேசியது. யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விட்டார்கள். சாஹேப் அடுத்ததுதான் கடைசி என்றார். நீங்கள் என்னிடம் வந்து, "நீ நடிக்க வேண்டாம். நின்னா போறும்" என்றீர்கள். நின்றேன். அட்டை வீடு, சாயம் பூசிய நிலைப்படி. அவர் இறங்கிப் போனார். அதே மாதிரி ஒரு வெள்ளைச் சட்டை. எனக்கு மறுபடியும் முதுகுதான் தெரிந்தது. தொண்டையில் அந்தச் சொல் வந்து நின்றது, அண்ணாச்சி. முழுங்கினேன். 'கட்' என்று சொல்லிவிட்டு சாஹேப் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என் பங்கு எனக்கே நின்றது.

யுத்தம் முடிந்தது. சந்துக்கு ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். ஒருவர் கையில்லாமல் வந்தார், ஒருவர் புதுப் பெட்டியோடு வந்தார். எங்கள் வீட்டுக்காரர் வரவில்லை. பட்டாளத்து ஆபீஸில் கேட்கப் போனபோது நீங்களும் கூட வந்தீர்கள். 'மிஸ்ஸிங்' என்றார்கள். இறந்துவிட்டார் என்றும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. பொட்டை வைப்பதா எடுப்பதா என்று நாத்தனாரும் நானும் அதற்கும் சண்டை போட்டோம். நான் வைத்துக்கொண்டேன்.

அதற்குள் படமும் வெளியாகி மாட்டுங்காவில் ஓடியது. நான் வர மாட்டேன் என்றேன். நீங்கள் உங்கள் வீட்டு மாமியை அனுப்பிவிட்டீர்கள். மாமி வந்து அழைத்தால் மறுக்க முடியுமா? பெண்கள் பக்கத்து பெஞ்சில் மாமிக்கு அருகில் உட்கார்ந்தேன். என் மூஞ்சியை அவ்வளவு பெரிதாகப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தக் காட்சி வந்தது.

அவன் வாசலிலிருந்து இறங்குகிறான். நம்மைப் பார்த்து நடந்து வருகிறான். அழவில்லை. கண் தெருவைப் பார்க்கிறது, ஆனால் தெருவைப் பார்க்கவில்லை. கழுத்து விறைத்திருக்கிறது. முகத்திலுள்ள உயிரெல்லாம் காதுக்குப் போய்விட்டது. பின்னாலிருந்து ஒரு சத்தம் வருமா, வராதா? திரும்பக் கூடாது என்று ஒரு மனசு, கூப்பிட மாட்டாளா என்று ஒரு மனசு. நடை ஒரு இடத்தில் துளி தளர்கிறது. சத்தம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறான். அவனுக்குப் பின்னால் வாசலில் ஒருத்தி நிற்கிறாள். மங்கி மங்கி, அது ஒரு பெண் என்பதே தெரியாமல் போகிறது.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். முன் பெஞ்சுக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்தச் சந்தில் ஒரு முதுகு போனதே, அதற்கு முன்னால் ஒரு முகம் போயிருக்கும் என்று அத்தனை வருஷமும் எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்ததும் நடைபாதையில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். மாமி இருக்கிறார், ஜனம் பார்க்கிறது என்றெல்லாம் பார்க்கவில்லை. "அந்த ஆளு காதுல என்ன சொன்னீய? ஏன் இப்படிச் செஞ்சீய?" என்று கத்தினேன்.

"அழ வேண்டாம், நடந்தா போறும்னேன். காது மட்டும் பின்னாலயே இருக்கட்டும்னேன்" என்றீர்கள்.

"அவுக அப்படித்தான் போனாவன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பாத்தீயளா?"

"அவரை நான் பாத்ததில்லை" என்றீர்கள். "நிலைப்படில நின்ன உன் முகத்தைப் பாத்தேன். அந்த முகத்தை விட்டுட்டு ஒருத்தன் சும்மா போயிருக்க முடியாது."

மாமி எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். அன்று சந்துக்குள் போனதும் நாத்தனார் வாசலில் நின்றாள், அவளோடு சண்டை போடத் தோன்றவில்லை. அவளுக்கும் அண்ணன்தானே? உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, உன் அண்ணன் திரும்பிப் பார்க்காமல் போனது நமக்காகத்தான் என்று சொன்னேன். அவள் அழுதாள். ராசியாகிவிட்டோம் என்று பொய் சொல்ல மாட்டேன், மறுநாளே குடத்துக்காக அடித்துக்கொண்டோம்.

ஆனால் உங்கள் படம் எனக்கு ஆறுதல் மட்டும் கொடுக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை, இதை மட்டும் சொல்லவே இல்லை. அவர் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு போனார் என்றால், நான் கூப்பிட்டிருக்கலாமே? துண்டு கையில் இருந்ததே? கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்து, சாஸ்திரத்துக்கு உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருப்பார். அவருடைய முகத்தை இன்னொரு தடவை பார்த்திருப்பேன். அவ்வளவுதானே கேட்டேன்? எத்தனையோ படம், எத்தனையோ வேஷம் போட்டேன். வீடு தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்தது. பொட்டை நானாகவே ஒரு நாள் எடுத்துவிட்டேன். இந்தக் கேள்வி மட்டும் என்னோடேயே குடியிருந்தது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் நீங்கள் செம்பூருக்கு வந்தீர்கள். மாமி போன பிறகு நீங்கள் பாதி ஆளாகிவிட்டீர்கள். படி ஏற முடியவில்லை, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவா என்னத்தைச் சொல்லுவா" என்று பேச்சை மாற்றி, டெலிவிஷன்காரர்களைத் திட்டினீர்கள். கேமராவை நடக்கவே விடுவதில்லையாம். வெயில் தாழ்ந்ததும் எழுந்தீர்கள். "அப்போ வரட்டுமா" என்றீர்கள். படி இறங்கி, சாலைக்குப் போய், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தீர்கள். நான் வாசலில் நின்றேன். சட்டை தோளில் தொங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரியாத சாஸ்திரமா?

மரத்தடி வரைக்கும் பொறுத்தேன். அப்புறம் கூப்பிட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி!"

குழாயடித் தொண்டை எங்கே போகும்? எதிர் வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. நீங்கள் நின்றீர்கள். திரும்பினீர்கள். கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் வாய் சிரித்தது. அங்கிருந்தே கத்தினீர்கள்: "பாவி! போறவனைக் கூப்பிட்டுட்டியே! இனி வந்து ஒக்காந்து தீர்த்தம் குடிச்சுட்டுன்னா போகணும்!"

அத்தனை படியும் மறுபடி ஏறி வந்தீர்கள். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, விளக்கு வைக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தீர்கள்.

மழை தொடங்கிய வாரத்தில் உங்கள் மகன் ஆள் அனுப்பினான். நான் கூப்பிட்டதால்தான் போனீர்கள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். கூப்பிடாமல் விட்டவர் மட்டும் வந்துவிட்டாரா? அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் முகத்தை நானே பார்த்துவிட்டேன், அண்ணாச்சி. அது என்னிடம் இருக்கிறது.